மூன்றாம் பக்கத்தில் பதினாலு பேர்

தியாகராசாவுக்கு மனிதர்கள் மீது பெரிய குறை ஒன்றும் கிடையாது. பெயர் இல்லாமல் பத்திரிகையில் வருகிற மனிதர்கள் மீதுதான் குறை. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பத்தொன்பது வருஷம் ப்ரூஃப் பார்த்தவர் அவர். அதில் முக்கால்வாசி மரண அறிவித்தல் பக்கம். யாழ்ப்பாணத்தார் ஒருவர் கண்ணை மூடினால் அது நாலு வரியில் முடிகிற சமாசாரம் அல்ல. எந்த ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், எந்த ஊரில் வாழ்ந்தவர், யாருடைய மகன், யாருடைய மருமகன், லண்டனில் இருக்கும் பேரன் யார் என்று அத்தனையும் வந்தாக வேண்டும். ஒரு மைத்துனர் பெயர் விட்டுப்போனால் போதும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்பே ஆட்கள் பத்திரிகை அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். அந்தப் பயத்திலேயே பழகிய கை அவருடையது.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு அவர் துபாய்க்கு வந்தார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இலங்கைத் தமிழர் என்றும் அந்த வருஷத்தையும் சொன்னாலே மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். அங்கே தேராப் பகுதியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் மறுபடியும் ப்ரூஃப் வேலை கிடைத்தது. அடித்து வருகிற பத்திகளைப் படித்துத் திருத்துவார். திருத்தியதை ராமநாதபுரத்துக் கார்மேகம் வெட்டி, பின்பக்கம் மெழுகு தடவி, பக்கத்தில் ஒட்டுவார். இருவருக்கும் அந்த அறைக்குள் தமிழ் ஓடும். வெளியே போனால் எல்லாம் ஆங்கிலம், ஹிந்தி, கொஞ்சம் அரபி.

நிருபர்களில் தியாகராசா மதித்தவர் ஒரே ஒருவர், சாலிம். சான்சிபாரில் பிறந்தவர். சிறுவயதில் அங்கே கலகம் வந்தபோது குடும்பத்தோடு பாய்க்கப்பல் ஏறி மஸ்கட்டில் இறங்கி, அங்கிருந்து துபாய்க்கு வந்தவர். ஸ்வாஹிலி, அரபி, ஆங்கிலம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. எண்பத்து ஐந்தாம் வருஷத்துக் கோடையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே பிழைக்கிறவர்களைப் பற்றி மூன்று பாகமாக எழுத ஆரம்பித்தார். முதல் பாகம் கிரீக் என்கிற கடற்கழிக் கரையில் மூட்டை தூக்கும் சோமாலியர்களைப் பற்றியது. இரண்டாவது வீட்டு வேலைக்கு வந்த எத்தியோப்பியப் பெண்கள். படித்தவர்கள் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். எழுத வேண்டிய அலுவலகங்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் பாகம் ஒரு கப்பலைப் பற்றியது. பெயர் 'அல் யாஸ்மின்'. பெயர்தான் மல்லிகை, வாடை முழுக்க ஆட்டுக்கிடை. சோமாலியாவின் பெர்பெராவிலிருந்து ஆடு ஏற்றி வந்த பழைய கப்பல் அது. ஆடுகள் இறங்கிவிட்டன, ஆட்கள் இறங்கவில்லை. கப்பலுக்கு இங்கே பொறுப்பாக இருந்த ஏஜென்ட் ஒருநாள் கடையை மூடிவிட்டுக் காணாமல் போய்விட்டார். போகும்போது கப்பல் ஆட்களின் பாஸ்போர்ட்டுகளையும் பெயர்ப் பட்டியலையும் கொண்டுபோய்விட்டார். ஏஜென்ட் கொடுக்கும் பட்டியல் இல்லாமல் யாருக்கும் ஷோர் பாஸ் தருவதில்லை, ஷோர் பாஸ் இல்லாமல் யாரும் கரையில் கால் வைக்க முடியாது என்பது சட்டம். பட்டியல் இல்லை என்றால் அலுவலகத்தின் கணக்கில் அந்தக் கப்பலில் ஆளே இல்லை. இல்லாத பதினாலு பேர் துறைமுகத்துக்கு வெளியே, கரையின் விளக்குகள் தெரிகிற தூரத்தில், நூற்று நாற்பது நாளாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தப் பிரதியை தியாகராசா படித்தபோது கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பத்தொன்பதும் இரண்டும் இருபத்தோரு வருஷத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தது அதுதான் முதல் தடவை. தண்ணீர்ப் படகில் தொற்றிக்கொண்டு போய் சாலிம் ஒரு பகல் முழுவதும் அவர்களோடு இருந்து எழுதியிருந்தார். ஒருநாள் அரிசியை இரண்டு நாளாக்கும் சமையல்காரர். கண் பழுத்துப்போன, இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் எண்ணெய்க்காரர். வெள்ளிக்கிழமைதோறும் பதினாலு பேரும் அடிகனத்த சட்டியில் தணல் போட்டுத் தங்கள் நல்ல சட்டையைத் தேய்த்து உடுத்திக்கொண்டு மேல்தளத்தில் நிற்பார்களாம். யாராவது அதிகாரி வந்தால் அழுக்காக இருக்கக் கூடாது என்பதற்காக. நூற்று நாற்பது நாளில் இருபது வெள்ளிக்கிழமை. யாரும் வரவில்லை. இப்படியும் மனிதர்கள் உண்டா என்று தியாகராசா வியந்துபோனார்.

ஆனால் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் வந்தது. சமையல்காரர், எண்ணெய்க்காரர், ஆடு மேய்ப்பவர் என்றே எழுதிக்கொண்டு போயிருந்தார் சாலிம். ஒருவர் பெயர்கூட இல்லை. இத்தனை கெட்டிக்காரன் இதில் போய்ச் சோம்பல்பட்டானே என்று தியாகராசா தனக்குள் கடிந்துகொண்டார்.

மாலை நாலு மணிக்குள் மூன்றாம் பக்கம் மூட வேண்டும். மூன்றரைக்கு ஒரு விளம்பரம் வராமல் போய்விட்டது. கார்மேகம் எட்டிப் பார்த்து, "அண்ணே, சாலிம் கட்டுரைக்குக் கீழ அஞ்சு இஞ்சு மொட்டையா கெடக்கு. என்னத்த வைக்கிறது?" என்றார்.

சாலிம் சார்ஜாவுக்குப் போயிருந்தார். செய்தி ஆசிரியர் கூட்டத்தில் இருந்தார். தியாகராசா பிரதியைப் புரட்டினார். கடைசித் தாளுக்குப் பின்னால் கிளிப் போட்டு ஒரு கையெழுத்துத் தாள் இருந்தது. பதினாலு பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே தந்தை பெயர், பிறந்த ஊர், வயது, தொழில். தியாகராசாவின் முகம் மலர்ந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதை அடிக்கக் கொடுத்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, கோடு கட்டிப் பெட்டிச் செய்தியாக்கி, ஐந்து அங்குலத்தில் அளவெடுத்தது மாதிரி உட்காரவைத்தார்.

காலையில் சாலிம் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் தியாகராசா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சாலிம் சத்தம் போடவில்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது. அந்தத் தாள் அச்சுக்கல்ல, செய்தி ஆசிரியரின் பார்வைக்கு மட்டும். பெயரை வெளியிடமாட்டேன் என்று பதினாலு பேரிடமும் சத்தியம் செய்து வாங்கியது. செய்தி ஆசிரியரிடம் வாயால் சொல்லியிருந்தார், அவர் இவரிடம் சொல்ல மறந்துவிட்டார். பாஸ்போர்ட் இல்லாதவர்களின் பெயர் வெளியே தெரிந்தால் பிடித்து, வந்த ஊருக்கே அனுப்பிவிடுவார்கள், இனி எந்தத் துறைமுகத்திலும் சேர்க்கமாட்டார்கள் என்பது அவர்கள் பயம். அதிலும் ஆடு மேய்ப்பவர், பட்டியலில் கடைசிப் பெயர், ஒரு யுத்தத்திலிருந்து ஓடி வந்தவர். திருப்பி அனுப்பினால் அவருக்கு உயிர் இல்லை.

"அவர்கள் பத்திரிகையை நம்பிப் பெயர் சொல்லவில்லை. என்னை நம்பிச் சொன்னார்கள்" என்றார் சாலிம்.

 அன்றும் மறுநாளும் தியாகராசாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் வள்ளிநாயகி வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. சாகாத பதினாலு பேருக்கு மரண அறிவித்தல் போட்டுவிட்டோமே என்ற ஒரே எண்ணம்தான் அவர் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கார்மேகம் ஆறுதல் சொல்லிப் பார்த்தார், டீ வாங்கி வைத்தார். அது ஆறி ஏடு படிந்தது.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? எடம் இருந்துச்சு, வச்சீங்க."

"இடம் இருந்தது தம்பி. எனக்கு அறிவு எங்க போச்சு? ஒரு சொல்லுக் கேட்டிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்."

மூன்றாம் நாள் குடிவரவு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. 'அல் யாஸ்மின்' பற்றி எழுதியவரும், அந்தப் பெயர்களை அச்சுக்குக் கொடுத்தவரும், இரண்டு பேரும் பதினொரு மணிக்குப் படகுத்துறைக்கு வர வேண்டும். வேறு விளக்கம் இல்லை. செய்தி ஆசிரியர் இருவரையும் பார்த்துக் கையை விரித்தார். தியாகராசா தன் கைப்பையில் ஒரு மாற்றுச் சட்டையையும் நீரிழிவு மாத்திரையையும் எடுத்து வைத்துக்கொண்டார். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இரண்டும் தேவைப்படும் அல்லவா.

படகுத்துறையில் ஓர் இளம் அதிகாரி நின்றிருந்தார். கையில் ஒரு முத்திரைப் பெட்டியும், மூன்றாம் பக்கம் வெளியே தெரியும்படி மடித்த பத்திரிகையும். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். படகு கிளம்பியதும் அவராகவே பேசினார். சாலிமின் மூன்று கட்டுரைகளையும் படித்ததாகச் சொன்னார். படித்துவிட்டு மேலதிகாரியிடம் போனால், "பட்டியல் எங்கே?" என்றுதான் கேட்டாராம். நேற்று இவர் பத்திரிகையை இந்தப் பெட்டிச் செய்தி தெரியும்படி மேலதிகாரியின் மேஜையில் வைத்தாராம். பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், வயது, தொழில். அலுவலகத்துப் படிவத்தில் எத்தனை கட்டமோ அத்தனையும் அதே வரிசையில் இருந்தன. அரசாங்க உரிமத்தோடு வெளிவரும் பத்திரிகையில் அச்சானது ஆவணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? மேலதிகாரி அரைமணி நேரம் யோசித்துவிட்டு, சரி, இதையே பட்டியலாக எடுத்துக்கொள் என்றுவிட்டாராம். ஒரு நிபந்தனை மட்டும். கப்பலில் ஆட்களை நிறுத்திப் பெயர் படித்துச் சரிபார்க்க வேண்டும். பத்திரிகையிலிருந்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சாலிம் தியாகராசாவைப் பார்த்தார். தியாகராசா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததை நம்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

கப்பல் கிட்டத்தில் மலைபோல் பெரிதாக இருந்தது. பக்கமெல்லாம் துரு வழிந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை அல்ல. ஆனாலும் படகைக் கண்டதும் எப்படித்தான் உடுத்தினார்களோ, இவர்கள் கயிற்றேணியில் ஏறி முடிப்பதற்குள் பதினாலு பேரும் தேய்த்த சட்டையில் வரிசையாக நின்றார்கள். எலும்பும் தோலுமான உடம்புகள், காலர் மட்டும் கத்தி மாதிரி. பயத்தில் ஒருவரும் கண்ணை அசைக்கவில்லை. சாலிம் ஸ்வாஹிலியிலும் அரபியிலும் விஷயத்தைச் சொன்னார். மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்கள், நம்பவில்லை.

அதிகாரி பத்திரிகையை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். பெயர், இன்னாரின் மகன், இன்ன ஊர். ஒருவர் முன்னால் வந்தார். அவர் பெயருக்கு நேரே பத்திரிகையின் ஓரத்தில் முத்திரை விழுந்தது, கையில் ஒரு சீட்டு வந்தது. அடுத்தவர். சமையல்காரர் தன் பெயரைக் கேட்டதும் நகரவில்லை. இன்னொரு தடவை படிக்க முடியுமா என்று கேட்டார். காது கேட்கவில்லையா என்றார் அதிகாரி. கேட்டது, அப்பா பெயரை இத்தனை மரியாதையாக ஒருவர் சொல்லிக் கேட்டு வெகுநாளாயிற்று, அதனால்தான் என்றார் சமையல்காரர். அதிகாரி மறுபடியும் படித்தார். இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக.

தியாகராசாவின் உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் ஒட்டவைத்த ஐந்து அங்குலம். நாளைக்கு அதில் யாராவது பேரீச்சம்பழம் பொதிந்துகொண்டு போவார்கள் என்று நினைத்த கடுதாசி. அதிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நடந்து வருகிறார்கள். கோயிலில் திரை விலகும்போது நிற்கிறவரைப்போல அவர் கைகள் தாமாகவே நெஞ்சுக்கு வந்துவிட்டன.

பதின்மூன்று முத்திரை ஆயிற்று.

"அப்டி நூர். ஃபாராவின் மகன். பெர்பெரா" என்று படித்தார் அதிகாரி.

யாரும் வரவில்லை. வரிசையில் மிஞ்சி நின்றவர் ஒருவர்தான். நெட்டையான, கன்னம் ஒட்டிய மனிதர், ஆடு மேய்ப்பவர். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாலிமுக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. தனக்கும் அந்த மனிதர் பொய்ப் பெயர் கொடுத்திருக்கிறார். பயந்தவர் செய்கிற காரியம்தான் அது. சாலிம் அடிக்குரலில், ஆமென்று சொல், சீட்டை வாங்கிக்கொள், அவ்வளவுதான் என்று கெஞ்சினார். ஒரு சொல்லில் கரை இறங்கிவிடலாம். உண்மையைச் சொன்னால் பட்டியலில் இல்லாத ஆளாகி, பொய் சொன்ன ஆளும் ஆகி, எந்த யுத்தத்திலிருந்து ஓடிவந்தாரோ அங்கேயே போய்ச்சேர வேண்டியதுதான்.

அந்த மனிதர் ஓரடி முன்னால் வந்தார். உடைந்த அரபியில் பேசினார். சாலிம் அதைத் தியாகராசாவுக்காக ஆங்கிலத்தில் சொன்னார்.

"அது நான் இல்லை. என் பெயர் தெஸ்ஃபாய். அப்பா வோல்டெமரியம். ஊர் கெரென், எரித்திரியா. இவர்கள் எல்லாரும் அவரவர் அப்பாவோடு இறங்குகிறார்கள். நான் யாரோ ஒருவருடைய அப்பாவோடு இறங்கமாட்டேன்."

எண்பத்து மூன்று ஜூலையில் தியாகராசா ஒரு கலியாணத்துக்காகக் கொழும்பில் இருந்தார். பஸ்ஸை மறித்து ஏறியவர்கள் தமிழரைத் தேடி ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கையில் பொல்லுத் தடியும் பெற்றோல் கலனும். அவர் முறை வந்தபோது 'சோமபால' என்றார். அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். 'பியதாச' என்றார். நல்ல சிங்களம் தெரிந்தவர், தப்பிவிட்டார். அவருக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தவர் தப்பவில்லை. செய்தது தப்பென்று யாரும் சொல்லமாட்டார்கள், அவரும் சொல்லவில்லை. ஆனால் வள்ளிநாயகியிடம்கூட அதை வாய் திறந்து சொன்னதில்லை. தன் அப்பா வேலுப்பிள்ளையின் பெயரை அந்தப் பஸ்ஸிலேயே இருத்திவிட்டுத் தான் மட்டும் இறங்கி நடந்துவிட்டதாகத்தான் இரண்டு வருஷமாக அவருக்கு மனதில் கிடந்தது. இப்போது இந்த மெலிந்த மனிதர் எதிரே நின்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பாவை விடமாட்டேன் என்கிறார். இப்படி ஒரு பெரிய மனிதரைத் தன் வாழ்நாளில் இதுவரை பார்க்கவில்லை என்று தியாகராசாவுக்குத் தோன்றியது.

அதிகாரி பத்திரிகையையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார். "இதில் அந்தப் பெயர் இல்லை" என்றார். முத்திரை அவர் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

யாரும் கேட்காமலே தியாகராசா முன்னால் வந்தார். "அது எங்கள் பிழை, சேர். இவர் சரியான பெயரைத்தான் கொடுத்தார். நான்தான் அச்சில் மாற்றிப் போட்டுவிட்டேன். நாளைக்குத் திருத்தம் வரும்."

அதிகாரி அவரை நெடுநேரம் பார்த்தார். பெர்பெரா எப்படிக் கெரென் ஆகும், ஃபாரா எப்படி வோல்டெமரியம் ஆவார் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பத்திரிகையை நாலாக மடித்தார். "திருத்தம் வந்தால் நானும் வருகிறேன்" என்றார்.

செய்தி ஆசிரியர் குதிகுதியென்று குதித்தார். செய்யாத தப்புக்குத் திருத்தம் போடுகிற பைத்தியம் உலகத்தில் உண்டா என்றார். பிறகு சாலிமின் முகத்தைப் பார்த்தார், தியாகராசாவின் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மறுநாள் மூன்றாம் பக்கத்தின் கீழே நாலு வரி வந்தது. அப்டி நூர் என்று வெளியான பெயர் தவறு, அவர் கெரெனில் பிறந்த தெஸ்ஃபாய், வோல்டெமரியத்தின் மகன், பிழைக்கு வருந்துகிறோம் என்று. அந்த நாலு வரியை தியாகராசா ஒன்பது தடவை ப்ரூஃப் பார்த்தார். "அண்ணே, இதுக்கு மேல பாத்தீங்கன்னா எழுத்து தேஞ்சுபோயிரும்" என்று கார்மேகம் பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டினார்.

அதிகாரி சொன்ன சொல் தவறாமல் வந்தார். கப்பலுக்குப் போய்ப் பார்த்தால் இன்னொரு அதிசயம். முந்தின நாளே சீட்டு வாங்கிய பதின்மூன்று பேரும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலிலேயே இருந்தார்கள். கரையில் தண்ணீர் இருந்தது, சோறு இருந்தது, மருத்துவர் இருந்தார். ஒருத்தரை விட்டுவிட்டு இறங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கண் பழுத்த எண்ணெய்க்காரர்கூட நகரவில்லை. 

நாலு வரித் திருத்தத்தை அதிகாரி வெட்டி எடுத்து, பெட்டிச் செய்திக்குக் கீழே பசை தடவி ஒட்டினார். ஒட்டின இடத்தில் பாதி இதிலும் பாதி அதிலும் விழுகிற மாதிரி முத்திரை குத்தினார். பிறகு சாலிமிடம் ஒரு தாளைக் காட்டினார். அன்று காலை கையெழுத்தான சுற்றறிக்கை. இனிமேல் ஏஜென்ட் இல்லாத கப்பலானால், கப்பல் ஆட்கள் தாங்களே எழுதிக் கொடுக்கும் பட்டியல் போதும். பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், வயது, தொழில். முப்பது நாள் கரையில் இருக்கலாம், வைத்தியம் பார்க்கலாம், வேறு கப்பலில் வேலை தேடிக்கொள்ளலாம். வந்த ஊருக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த கப்பல் உங்கள் பத்திரிகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றார் அதிகாரி. அது பாராட்டா குத்தலா என்று சாலிமுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர் கவலைப்படவும் இல்லை, அந்தத் தாளை மூன்று தடவை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படகு கரையைத் தொட்டது. பதின்மூன்று பேர் இறங்கி, நிலம் ஆடாமல் நிற்பதை நம்பாதவர்கள் மாதிரி காலை ஊன்றி ஊன்றி நடந்தார்கள். தெஸ்ஃபாய் கடைசியாக இறங்கினார். இறங்கியதும் சாலிமிடம் ஏதோ கேட்டார். சாலிம் தியாகராசாவைக் கைகாட்டினார்.

தெஸ்ஃபாய் நேரே வந்து தியாகராசாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டார். "உங்கள் பெயர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தியாகராசா."

தெஸ்ஃபாய் கையை விடாமல் காத்திருந்தார். அவர்கள் வழக்கத்தில் பெயர் அத்தோடு முடிவதில்லை.

தியாகராசா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். பிறகு, "வேலுப்பிள்ளை. அப்பாவின் பெயர் வேலுப்பிள்ளை. பிறந்த ஊர் சுதுமலை" என்றார்.

"வெலு... பிலே" என்று தெஸ்ஃபாய் திக்கித் திக்கித் திருப்பிச் சொன்னார். முழுக்கப் பிழையாகத்தான் சொன்னார். தியாகராசா திருத்தவில்லை. பட்டப்பகலில், படகுத்துறையில், அத்தனை பேருக்கும் நடுவில் நின்று அழுதார்.